விடுபட்ட ‘ஐ’

மேனுகா எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடிதான். அந்தப் பிடியால்தான் மண்டூரில் ஒரு வேளாண்மைக்காரரின் மகளாகப் பிறந்தவள் யப்பானுக்குப் போய், நரம்புக் கலங்களை, அதாவது நரம்பு உயிரணுக்களை, வளர்க்கும் படிப்பில் கலாநிதிப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனாள். கண்ணாடித் தட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் கீறிவிட்டால் கலம் அந்தக் கோட்டோடே நீண்டு வளரும். கோடு வளைந்தால் கலமும் வளையும். சொன்னபடி கேட்கிற பிள்ளைகள்.

வீட்டில் இருந்த பிள்ளை அப்படி இல்லை. ஆர்த்திகாவுக்கு ஐந்து வயது. சொன்னால் விளங்கும், சொல்லத்தான் வராது. தாகம் எடுத்தால் “தண்ணி”, வாசல் படலையில் நாய் வந்தால் “நாய்”, அவ்வளவுதான். ஒரு வினைச்சொல் அந்த வாயில் ஏறியதில்லை. சட்டைப் பொத்தானும் போட வராது, பென்சிலும் விரலுக்குள் நிற்காது. “வாத்தியார் பிள்ளை மக்கு” என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது மேனுகாவின் காதுக்கு வராமலா இருக்கும்? வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேர்லின் மிஸ் ஆறுதலாகத்தான் எடுத்துச் சொன்னார்.

“பேச்சுப் பிந்தின பிள்ளைகள் கனபேருக்கு விரலும் பிந்தும், மேடம். அதுக்காக விரலப் பழக்கினா பேச்சு வந்திரும் எண்டு நினைச்சிராதீங்க. அது வேற, இது வேற. பிள்ளை தன்ட பாட்டில செய்யட்டும்.”

மேனுகா முதற்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய மாணவர் யாராவது இப்படி ஒரு முடிவு எழுதியிருந்தால் சிவப்பால் வெட்டியிருப்பாள். தன் பிள்ளை என்றதும் படித்த படிப்பெல்லாம் காற்றோடு போய்விட்டது. விரல் வந்தால் நாக்கும் வரும், கோட்டைக் கீறிவிட்டால் போதும் என்று நம்பினாள். பின்னேரங்களில் பிள்ளையின் கையைத் தன் கைக்குள் வைத்து நூலில் மணி கோர்க்கப் பழக்கினாள். பிள்ளை அழுதாலும் பிடி தளரவில்லை.

“அவள் கோர்க்கல்ல, நீதான் கோர்க்கிறாய்,” என்றான் கணவன் ரதீஸ்.

“கலத்துக்கும் முதல்ல வழி காட்டத்தான் வேணும். மறுகா அது தானா வளரும்.”

“இவள் கலமா?”

மேனுகா அடுத்த மணியை எடுத்துப் பிள்ளையின் விரலுக்குள் வைத்தாள்.

நாவற்குடாவில் பாலர் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி வந்தது. மணி கோர்க்கும் போட்டியில் ஆர்த்திகாவும் இருந்தாள். தாய்மார் பின்னால் நிற்கலாம், கை வைக்கக் கூடாது. வாவிக்காற்றில் கொடிகள் படபடத்தன. இன்றைக்கு ஒரு மாலை கோர்த்தாளானால் நாளைக்கு ஒரு வசனம் கோர்ப்பாள் என்று மேனுகா மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

விசில் ஊதினார்கள். ஆர்த்திகா இடக்கையால் ஒரு மணியை எடுத்தாள். அது நழுவி உருண்டது. தேடிப் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, நூலை வளைத்து, மெல்ல உள்ளே விட்டாள். யாரும் தொடாமல் அவளாகவே கோர்த்த முதல் மணி அது. தாயின் கண்ணில் அதுவா பட்டது? பக்கத்துப் பிள்ளையின் பாதி நிறைந்த நூல்தான் பட்டது. குனிந்து மகளின் கையைப் பிடித்தாள்.

பிள்ளை இழுத்துப் பார்த்தது. கை வரவில்லை. நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தது.

“அம்மா கைவிடு.”

மேனுகாவுக்கு உடம்பு புல்லரித்தது. வினைச்சொல்! கோயில் கோயிலாக நேர்ந்து காத்திருந்த வசனம். கட்டி அணைத்திருக்கலாம். குறைந்தது, பிள்ளை கேட்டதையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் படித்த மூளை சும்மா கிடக்குமா? கைவிடு என்றால் வேறு பொருள் அல்லவா, நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

“கைவிடு இல்ல மகள். கையை விடு. எங்க, வடிவாச் சொல்லுங்க பாப்பம். கை-யை விடு.”

பிள்ளை தாயின் வாயைப் பார்த்தது.

“கை…”

“கையை.”

“கையை விடு.”

விசில் மறுபடி ஊதியது. போட்டி முடிந்துவிட்டது. ஆர்த்திகாவின் நூலில் அந்த ஒரு மணிதான் இருந்தது. மேனுகாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்ற ரதீஸைப் பார்த்தாள்.

“கேட்டீங்களா? ‘ஐ’யும் வந்திட்டு. முழு வசனம்.”

“கேட்டன்,” என்றான் ரதீஸ். அவன் சிரிக்கவில்லை. “ரெண்டு தரம் சொல்லிட்டாள். நீ இன்னும் விடல்லியே.”

மேனுகா குனிந்து பார்த்தாள். சின்ன விரல்கள் அவள் பிடிக்குள் வெளிறிக் கிடந்தன. பிள்ளை இழுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.