கல்லீரல் எந்தப் பக்கம்?

"நான் ஒரு நாள்கூட கால் வைக்காத பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, என் பஸ்ஸு மூணு வருஷமா பாடம் நடத்துதுங்க" என்றார் ஓட்டுநர்.

மேஜையில் குனிந்திருந்த மதிப்பீட்டு அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அந்த ஓட்டுநர், மேஜைக்கு எதிரே இருந்த டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன். அவள் முறைத்த முறைப்பில் கதவின் பெயிண்டே உரிந்திருக்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்கு ஜம்பம் கேட்கிறது!

பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தினமும் பள்ளி தொடங்கும் முன் ஒரு மணி நேரம், அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே பாடம் சொல்லும் காலை வகுப்பு அவளுடையது. அவளும் அதே சனம்தான். அந்த வகுப்பால் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று அளக்கத்தான் அதிகாரி வந்திருந்தார். இல்லையென்று எழுதினால் அடுத்த மாதமே இழுத்து மூடிவிடுவார்கள்.

காலை வகுப்பே இல்லாத பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் நாற்பது பழங்குடிப் பிள்ளைகளுக்கு அதே பரீட்சையை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பள்ளியும் நூற்றுக்கு முப்பதில் தவழ்ந்துகொண்டிருந்தன. இப்போது இவள் பிள்ளைகள் அறுபத்திரண்டு. அவள் முகம் மலர்ந்து முடிவதற்குள் அவர் அடுத்த விடைத்தாள் கட்டைப் பிரித்தார். அந்தப் பள்ளி அறுபத்தொன்று.

"அவங்களும்தான் ஏறியிருக்காங்க. அப்ப உங்க வகுப்பு எப்படிம்மா காரணமாகும்?"

அவள் மதிப்பெண் பட்டியலை இழுத்து இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் தன் பஸ் கதையை அவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஏறுவது அவர் பஸ்ஸில்தானாம். வீடு போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். எல்லாம் மாமன் மகள், அத்தை மகன், சித்தப்பா பிள்ளைகள். காலையில் இவள் சொல்லிக்கொடுத்ததை இதுகள் அதுகளுக்கு ஓதாமல் ஒரு நாளும் இறங்கியதில்லையாம். கேட்டுக் கேட்டுத் தனக்கே பின்னக்கணக்கு அத்துப்படி என்றார்.

பஸ்ஸை ஓட்டிக்கொண்டே வருகைப்பதிவும் எடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். "ஆதாரம் இல்லாம நான் எழுத முடியாதுங்க."

டீச்சரின் கண் விரித்துக் கிடந்த விடைத்தாள்கள் மேல் ஓடியது. ஒன்பதாவது கேள்வி: கல்லீரல் வயிற்றின் எந்தப் பக்கம்? அவள் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதியிருந்தது: இடது.

பிள்ளைகளைப் பார்த்து நின்றபடி தன் வலப்பக்கத்தில் கை வைத்து "இங்கே" என்றது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்கள் எல்லோரும் இடப்பக்கத்தில் கை வைத்திருக்கிறார்கள். அதை அவள் கவனிக்கவே இல்லை.

சொன்னால், இடது வலது தெரியாத டீச்சர் என்று பெயர். சொல்லாவிட்டால், வகுப்புக்குப் பூட்டு.

"சார், ஒன்பதாவது கேள்விய நான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்" என்றாள். குரல் எறும்பு இருமியதுபோல வந்தது. "அந்தப் பள்ளிக்கூடத்துத் தாளையும் பாருங்க. அதே தப்பு அங்கயும் இருந்தா, அது என் வகுப்புலேருந்துதான போயிருக்கணும்?"

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடது. இடது. இடது. நாற்பதில் முப்பத்தெட்டு இடது.

அதிகாரி லேசில் விடுகிற ஆளில்லை. அங்கேயும் ஒரு டீச்சர் இதே தப்பைச் செய்திருக்கலாமே என்றார். பரீட்சையன்று அந்த வகுப்பறையை எடுத்த படத்தைக் கைபேசியில் தேடினார். பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் ஆளுயர உடல் படம். பெரிதாக்கினார். கல்லீரல் சிவப்பாக உட்கார்ந்திருந்தது; அதன் அம்புக்குறியில் 'உடலின் வலப்பக்கம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. சுவரில் இருந்ததை விட்டுவிட்டுப் பஸ்ஸில் கேட்டதை எழுதியிருக்கிறார்கள்.

அவர் கை தன்னையறியாமல் தன் வயிற்றுக்குப் போய், எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தடுமாறியது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று ஓட்டுநரைக் கேட்டார்.

அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள்.

'வித்தியாசம் இல்லை' என்று எழுதியிருந்த வரியை அதிகாரி அடித்தார். பேனாவை மூடிவிட்டு, முதல் தடவையாக ஓட்டுநரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நடத்தியிருக்குங்க" என்றார். "உங்க பஸ்ஸு பாடம் நடத்தித்தான் இருக்கு."