பிரெஞ்சு மண்ணுக்கு மட்டும்

இன்சூரன்ஸ் ஏஜெண்டு தெய்வசிகாமணி கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தார். வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் அடியில் குனிந்து பார்த்தார். சக்கரங்களைக் காலால் தட்டினார். கதவைத் திறந்து மூடினார். பிறகு நிமிர்ந்து, அதே பார்வையால் என்னையும் பார்த்தார்.

"முசேக்கு வயசு என்ன?" எங்கள் ஊரில் ஐயா என்பதற்குப் பதில் முசே.

"இருவத்தி நாலு."

"வண்டி கத்துக்கிட்டு?"

"ரெண்டு மாசம்."

உச்சுக் கொட்டினார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார் அது. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு. துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். பிரான்சுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் என் மாமனார் கிறிஸ்துதாஸ் வாங்கி, என் பெயரில் பதிந்தார். சைகோனில் இருபது வருஷம் சர்க்கார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பணம் இருந்தது. அவர் மகள், என் மனைவி ரோசா இறந்து அப்போது ஆறு மாதம். "மாப்ள வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. இதையாச்சும் ஓட்டட்டும்" என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கென்று வேறு வீடு கிடையாது. ரோசா போன பிறகும் அதே மாடியறையில் தூங்குகிறேன், அதே மேசையில் சாப்பிடுகிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

மதறாசில் என்னோடு பி.ஏ. படித்தவன் ஒருவன் எனக்காக ஓர் அறை பார்த்து வைத்திருந்தான். ரயிலில் போகலாம். ரயில் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றால் வழியனுப்ப வருவார்கள், அழுவார்கள், எப்போது திரும்புவாய் என்று கேட்பார்கள். கார் அப்படியில்லை. ஒரு சுற்று போய்வருகிறேன் என்று கிளம்பி, வராமலே இருந்துவிடலாம். அதற்காகத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் இன்சூரன்ஸ் ஆகும்வரை சாவி தன்னிடம்தான் இருக்கும் என்றார் மாமனார். சைகோனில் அவருடைய சிநேகிதர் ஒருவர் யார்மேலோ காரை ஏற்றிவிட்டு, வீட்டை விற்றுத்தான் மீண்டாராம்.

"சின்ன வயசு, ரெண்டு சீட்டு, இந்த மூக்கு. மூணும் சேந்தா எங்க கம்பெனிக்குத் தூக்கம் வராது" என்றார் ஏஜெண்டு. "பிரெஞ்சு மண்ணுக்கு மட்டும்னா போட்டுத் தரேன்."

"எல்லைய தாண்டினா?"

"தாண்டினா உங்கள யாருன்னே கம்பெனிக்குத் தெரியாது."

புதுச்சேரியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது விளங்கும். வடக்கே முத்தியால்பேட்டை முடிந்தால் இங்கிலீஷ்காரன் ஊர். மற்றப் பக்கம் போனால் ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது இங்கிலீஷ், திரும்பவும் பிரெஞ்சு. பாகூர் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி எத்தனை முறை என்னை மறந்து மறந்து நினைத்துக்கொள்ளும் என்று கேட்டேன்.

"அதனாலதான் சொல்றேன். மோதறதா இருந்தா எடம் பாத்து, பிரெஞ்சு மண்ணுல மோதுங்க."

பிரம்பு நாற்காலியில் இருந்த மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் ஓட்ட வழியே இல்லியா?"

"ஏன் இல்ல? குடும்பஸ்தரா இருந்தா உண்டு. சம்சாரத்துக்கும் சேத்தே அந்த பாலிசி. பக்கத்துல பொண்டாட்டி இருந்தா மெதுவா ஓட்டுவான்னு கம்பெனிக்கு ஒரு நம்பிக்க. முசேக்கு..." துக்கத்துக்காக என் சட்டைக் கையில் தைத்திருந்த கறுப்புத் துண்டு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஆயிடும்" என்றார் மாமனார். "ஐப்பசில மூத்தவளுக்கு வருஷப் பூச. அது முடிஞ்சதும் கலியாணம். எங்க சின்னவதான் பொண்ணு. ஆண்டவர்கிட்ட மனுவும் போட்டாச்சு."

செத்த மனைவியின் தங்கையைக் கட்ட பிஷப் ஆண்டவரின் அனுமதி வேண்டும். அது எனக்குத் தெரியும். மனுப் போட்டது தெரியாது. ஏஜெண்டுக்குத் தெரிந்த அதே நொடியில்தான் எனக்கும் தெரிந்தது.

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஐப்பசிலயே பெரிசா போட்டுக்கலாமே?"

"வேணாம்" என்றேன். "இப்பவே போடுங்க. உள்ளூருக்கு மட்டும் போதும்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். அது வரைக்கும் ஊருக்குள்ள ஓட்டிப் பழகட்டும்."

அந்த வேணாமில் கலியாணத்தையும் சேர்த்து மறுத்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏஜெண்டு போனதும் மாமனார் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். உடனே உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "சூச! மாமாவோட ஒரு சுத்து போயிட்டு வாம்மா!"

சூசைமேரி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். பத்தொன்பது வயது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூரையை மாமனாரே மடக்கிவிட்டார்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளை இன்னார் கட்டப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அன்று சாயங்காலம் நான் அந்தக் காரில் தெருத் தெருவாக ஓலை வாசித்துக்கொண்டு போனேன். கோயிலில் ஜெபமாலை முடிந்து வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். வெற்றிலைக் கடையிலிருந்து ஒருவர், "எப்ப சாப்பாடு போடறீங்க?" என்று கத்தினார். சூசைமேரி சிரித்துக் கையை ஆட்டினாள்.

கடைகள் தாண்டியதும் கேட்டேன். "அப்பா மனுப் போட்டது ஒனக்குத் தெரியுமா?"

"எழுதினதே நாந்தான். அவருக்குத்தான் கண்ணு மங்கலா இருக்குதே. அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். எம் பேரு வந்த எடத்துல, தப்பில்லாம எழுதும்மான்னாரு."

"வேணாம்னு சொல்லலியா?"

"நீங்க சொன்னீங்களா?"

தெரு முனையில் காரைத் திருப்பினேன். பிறகு அவளே சொன்னாள். "அக்கா பொடவயெல்லாம் எனக்கு வந்துது. அக்கா அலமாரி வந்துது. அப்புறம் நீங்க. நல்லவேள, செருப்பு மட்டும் அளவு பத்தல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

நான் காரை எங்கே ஓட்டினேன் என்பது முத்தியால்பேட்டை முடிந்தபோதுதான் தெரிந்தது. மனத்துக்குள் பல நாள் ஓட்டிப் பார்த்த பாதை. எதிரே சுங்கச் சாவடி, குறுக்கே மூங்கில். அதற்கப்பால் மதறாசு ரோடு, இரண்டு பக்கமும் பனைமரங்கள். காரைப் பார்த்ததும் சாவடிச் சேவகர் எழுந்து கயிற்றை இழுத்தார். மூங்கில் மேலே போயிற்று.

தனியாக வந்திருந்தால் அந்த நேரம் தாண்டியிருப்பேன். இவளோடு தாண்டினால் ஓடிப்போனதாகும். இவளோடு திரும்பினால் கலியாணம் ஆனதாகும். பிரேக்கை மிதித்தபடி இருந்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதுக்கு அந்தாண்ட பாலிசி செல்லாது."

"எனக்குமா?"

"நடந்து போறவங்களுக்கு எதுவும் வேணாம்."

கேலிக்குச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன். அவள் சற்று யோசித்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, தூக்கியிருந்த மூங்கிலுக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் போனாள். பனையடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று வாங்கி, நின்றபடியே கட்டைவிரலால் குடைந்து உறிஞ்சினாள். இங்கே திரும்பிப் பார்க்கவில்லை. வடக்கே நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு தின்றாள். முடித்து, வெறும் காயை எறிந்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

எனக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. மாடு மூச்சு விட்டது.

"முசே, போறீங்களா, திரும்புறீங்களா?" என்றார் சேவகர். "கை வலிக்குது."

கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மேலே மூங்கிலின் நுனி ஆடியது. இரண்டாவது நுங்கை வாங்கிக்கொண்டு சூசைமேரி வடக்கே அடுத்த பனையின் நிழலுக்கு நகர்ந்து போனாள்.