தேய்க்காத குடம்

எனக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. குற்றாலத்துச் சீசன் பங்களாக்களில் காவல் இருக்கிற பெண்களில் என்னைப்போலத் தரை துடைக்கிறவள் ஒருத்தி இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைத் துணியில் முடிந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்ப்பேன். சாயங்காலம் மலையே இறங்கி வந்து அந்தத் தரையில் படுத்துக்கிடக்கும். விரிப்புகளுக்குப் பூந்திக்கொட்டை, சன்னல் கண்ணாடிக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளியும் செங்கல் பொடியும். என் வீட்டுக்காரர் வேல்சாமி புளியங்குடியில் லாரிக்கு எலுமிச்சை ஏற்றுகிறவர். கறை எடுக்க விலைபோகாத பழங்களைச் சாக்கில் கொண்டுவருவார். முதலாளியம்மா மதுரையிலிருந்து பினாயில் போத்தல் ஒன்று கொடுத்தனுப்பினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். தூ, ஆஸ்பத்திரி வாடை! கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

எனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு பித்தளைக் குடம். என் அம்மையின் சீர்க்குடம். என்னைப் பெற்ற அன்றைக்கே அம்மை போய்விட்டாள். அதே வருஷம் அவள் வீட்டு ஆட்களைக் காலரா வாரிக்கொண்டு போனது. அப்பா என்னையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். ஊரே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அவர் மட்டும் “தாயி” என்பார். அம்மை பேர் என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அதான் குடத்துல வெட்டியிருக்குல்லா” என்பார். எனக்கு எழுத்து தெரியாது. பித்தளை எங்கே ஓடிப்போகிறது, என்றைக்காவது யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று தெனாவட்டாக இருந்துவிட்டேன். அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, வயிற்றில் ஒன்று தங்கியது. பெண்தான். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். அவளுக்கு என் அம்மை பேரை வைப்பது என்று முடிவு செய்தேன்.

வைகாசிக் கடைசியில் பங்களாப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசத் தென்காசியிலிருந்து ஆதம் அண்ணாச்சி வந்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுவதும் அவர் தொழில்தான். குடத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“இதுல உள்ள பேரைப் படிங்க அண்ணாச்சி.”

அவர் வெயிலில் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். “பேரா? ஒண்ணும் இல்லியே தங்கச்சி. வழவழன்னுல்லா இருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

நகத்தால் கழுத்தடியைத் தடவினார். “இங்கன புள்ளி புள்ளியா ஏதோ தட்டுது. ஆனா கண்ணுக்குத் தெரியல. யாரு இந்தத் தேய்ப்புத் தேய்ச்சது?”

நான்தான்! வெள்ளிக்கிழமை தவறாமல், புளி போட்டு, செங்கல் பொடி போட்டு, பளபளவென்று இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு தேய்த்தேன். என் அம்மையை என் கையாலேயே அழித்துவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி துருத்தியை நிறுத்திவிட்டார்.

“அழாதீங்க. இதைக் கழுவாம, துடைக்காம, சாரல் படுற எடத்துல போட்டுருங்க. களிம்பு ஏறட்டும். அழுக்கு பள்ளத்துல போயி உக்காந்துக்கிடும். ஐப்பசியில நான் வருதேன். மேலாக்க எண்ணெய் போட்டுத் துடைச்சா எழுத்து மட்டும் கருப்பா நிக்கும். நிக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.”

குடத்தைக் கொல்லையில், அந்தப் பினாயில் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆனி பிறந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கி வந்து, வீட்டுக்குள் உலவிவிட்டுப் போனது. குடம் முதலில் மங்கியது, அப்புறம் பழுப்பானது, அப்புறம் பச்சை. எனக்குக் கை அரித்தது. “ஊரு அழுக்கெல்லாம் எடுப்பா, சொந்தக் குடத்துல பாசி வளக்கா” என்று வேல்சாமி கேலி செய்தார். சீசனுக்கு வந்த முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன கண்றாவி இது, தூக்கிப் போடு” என்றாள். “பினாயிலோட சேத்துத் தூக்கிப் போடுதேன்” என்றேன். அப்புறம் அவள் கொல்லைப்பக்கமே வரவில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம், சாரல் சத்தத்தில் கண் அசந்துவிட்டேன். அருவிக்கரையில் ஒருத்தி ஈரத் தலையோடு குனிந்து என் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “தேய்க்காதீங்க!” என்று கத்தினேன், குரல் வரவில்லை. அவள் திரும்பாமலே, “என்னைய ஏன் கூப்பிடவே மாட்டேங்கெ?” என்றாள். அலறியடித்து எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். குடம் அங்கேதான் இருந்தது. அதன்மேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அதைக்கூட நான் தட்டிவிடவில்லை.

ஐப்பசியில் ஆதம் அண்ணாச்சி வந்தார். எனக்கு நிறைமாதம். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தார். பச்சைக்குள்ளிருந்து பித்தளை எட்டிப் பார்த்தது. கழுத்தடியில் கருப்பாகச் சில புள்ளிகள் மட்டும் போகாமல் நின்றன.

அவர் விரல் வைத்துப் படித்தார். “உ... ல... உலகம்மை.”

“என் பேரைக் கேக்கல அண்ணாச்சி. அம்மை பேரைப் படிங்க.”

“அதைத்தான் படிச்சேன். சீர்க்குடத்துக்கு அவங்க கல்யாணத்தப்பல்லா பேரு வெட்டியிருப்பாங்க. அப்ப நீங்க ஏது?”

அவள் பேரை எனக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல்தான் அப்பா சாகும்வரைக்கும் தாயி, தாயி என்றிருக்கிறார். பாவி மனுஷன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? மகளுக்கு இனி வேறு பேர் தேட வேண்டும்.

வாசலில் லாரி வந்து நின்றது. “ஏளா, உலகம்மை!” என்று வேல்சாமி கூப்பிட்டார். பத்து வருஷமாகக் கேட்கிற குரல்தான். அன்றைக்கு அது என்னை மட்டும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

“உலகம்மை! எங்க இருக்கெ?”

“இங்கனதான் இருக்கோம்” என்றேன்.