கட்டிலுக்குப் போட்ட கோடு

ராகலை டவுனுக்குப் போய்க் கட்டில் வாங்குவதற்கு முன், அது தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அடங்குமா என்று பார்க்க, சுலக்ஷனா சிமெந்துத் தரையில் வெண்கட்டியால் கட்டம் போட்டிருந்தாள். தலைமாடு மலைப்பக்கச் சுவரோரம்.

மூன்று நாளாய் விடாத மழை. காலையில் தேநீரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுப் பலகை வைத்து நேராக இழுத்த கோடு நடுவில் முறிந்து, ஒரு விரல் அகலம் விலகிக் கிடந்தது. முறிந்த இடத்தில் தரை வெடித்திருந்தது.

"என்னங்க, கோடு நகந்திருக்குங்க!"

"நீ கோணலாப் போட்டிருப்ப," என்றான் கணவன் கஜேந்திரன், போர்வைக்குள்ளிருந்தே. "கட்டில இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம்."

தூங்கிய மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அவள் மழையில் இறங்கினாள். முற்றத்தைத் தாண்டிய பிறகுதான் கத்தினாள்:

"கட்டிலு எங்கயும் வேணாங்க, மல சரியுது, மொதல்ல வெளிய வாங்க!"