முன்சீப் உடம்பில் ஏறிய கைநாட்டு

1957-ஆம் வருஷம் பங்குனி மாதம், நாகலாபுரத்துக்குக் கிழக்கே இரண்டு கல் தூரத்திலுள்ள ஆலத்தாங்கல் கிராமத்தில், இருநூற்றுப் பதினேழு பேருடைய இடது கட்டைவிரலில் ரேகை இல்லாமல் போனது. அது நயா பைசா வந்த வாரம். கத்திரிக்காய்க்கு அணாவில் விலை சொல்வதா பைசாவில் சொல்வதா என்று சந்தையில் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்ததால், விரல் விஷயம் வெளியில் தெரிய நான்கு நாளாயிற்று. நாகலாபுரம் பெருமாள் கோயிலில் சூரிய பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. சாயங்கால வெயில் வழக்கம்போல மூன்று நாளும் உள்ளே வந்து மூலவரைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற தகராறு இன்னும் தீரவில்லை. விசாரணை அதிகாரி ஒருவர் புத்தூரில் முகாம் போட்டு, ஊர் ஊராக மனு வாங்கப்போகிறார் என்று தகவல் வந்தது. மூன்று பஸ்ஸும் ஒரு அரிசி மில்லும் வைத்துக்கொண்டு தலைவர் என்று பெயர் வாங்கியிருந்த நாராயணசாமி, ஆலத்தாங்கல் கிராம முன்சீப் உமாபதியிடம் ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஊர் முழுக்கக் கைநாட்டு வாங்கச் சொன்னார். மனுவில் என்ன எழுதுவது என்று அவரே இன்னும் முடிவு செய்யவில்லை. சென்னையோடு சேர்க்கச் சொல்வதா, ஆந்திராவிலேயே விடச் சொல்வதா என்பது, எந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் அவருக்குப் பெரிய பதவி தருகிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த பதினொரு பேரைக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் தீர்மானமாகச் சொன்னார். எழுதத் தெரிந்தவன் படிக்கவும் கேட்பான்.

உமாபதியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தகப்பனார் வழியில் வந்த வேலை, அதைவிடப் பெரிதாக வந்த பயம். நாராயணசாமி மனம் வைத்தால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சித்திரையில் அறுக்க வேண்டிய நெல்லுக்கு இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கியிருந்தது. கைநாட்டு வைக்காதவர் வயலுக்கு ஏரி மதகு திறக்காது என்று தலையாரியை விட்டுச் சொல்லவைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இரண்டே நாளில் எல்லாரும் வந்து வைத்தார்கள். கடைசியாக வந்தவள் செல்லியம்மா. புருஷன் இல்லை, ஒரே மகள், ரோட்டோரமாக அரை ஏக்கர். தாளில் ஒன்றுமே எழுதவில்லையே, எதற்கென்று வைப்பது என்று கேட்டாள். உமாபதி தலை நிமிராமலே சொன்னார்:

"தண்ணி வேணுமா வேணாவா, அத்தச் சொல்லு."

அவள் வைத்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் அந்த அரை ஏக்கரை மகள் பேருக்கு எழுதிவைக்கப் பதிவாபீசுக்குப் போனாள். நிலம் பெண் பேரில் இருந்தால்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மை தொட்டு மூன்று முறை அழுத்தியும் தாளில் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. இடது கட்டைவிரல் ரேகை இல்லாதவர் பத்திரத்தைப் பதிய விதியில்லை என்று பதிவாளர் திருப்பி அனுப்பினார். செய்தி பரவியதும் ஊரில் எல்லாரும் விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். கைநாட்டு வைத்த எல்லாருடைய இடது கட்டைவிரலும் கூழாங்கல்லாக வழவழவென்று இருந்தது.

அதே நாள் காலையில், கிணற்றடியில் உமாபதிக்கு முதுகு தேய்த்த அவர் மனைவி தாட்சாயணி கையை எடுத்துக்கொண்டாள். முதுகு முழுக்க நீலமையில் கட்டைவிரல் ரேகைகள். சீயக்காய்க்கும் போகவில்லை, செங்கல்பொடிக்கும் போகவில்லை. மறுநாள் தோளிலும் கையிலும் ஏறின. எது யாருடையது என்று உமாபதிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மதகடி வயல்காரர் துலுக்காணத்துடையது வலது முழங்கையில். செல்லியம்மாவுடையது நடு நெற்றியில். விபூதியைப் பட்டையாகப் பூசி மறைத்தார், அது வியர்வையில் அரைமணிகூட நிற்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கனம் உடம்பெல்லாம் இருந்தது.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் முழங்கையில் மை தடவி ஒரு பழைய தாளில் அழுத்திப் பார்த்தார். துலுக்காணத்தின் கைநாட்டு ஒரு கோடு தப்பாமல் விழுந்தது. அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அப்போதுதான் பயந்தார். இனி யார் நிலத்தையும் யாருக்கும் அவர் எழுதிக்கொடுக்கலாம். தாட்சாயணி அந்தத் தாளை வாங்கி அடுப்பில் போட்டாள்.

"ஊரு கையெல்லாம் உங்க மேல கீது. எப்பிடிங்க துன்னு, எப்பிடித் தூங்குவீங்க?" என்றாள்.

அதிகாரி ஆலத்தாங்கலுக்கு வந்து முகாம் போட்ட நாளன்று நாராயணசாமி தன் மில் அறையில் கைநாட்டுத் தாள் கட்டைப் பிரித்தார். எல்லாத் தாளும் வெள்ளையாக இருந்தன. உமாபதி வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றிக் காட்டினார். பெரிய மனிதர்கள் எதற்கும் ரொம்ப நேரம் ஆச்சரியப்படுவதில்லை, இதில் நமக்கென்ன கிடைக்கும் என்று பார்க்கப் போய்விடுவார்கள். நாராயணசாமி கதவைத் தாழ் போட்டுவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார்.

"ஊரே உன் உடம்புல கீதுய்யா. இனிமே எவனப் போய்க் கேக்கணும்?"

மனு முடிந்ததும் செல்லியம்மா நிலத்துக்கும் ஒரு பத்திரம் போட்டுவிடலாம், பஸ் ஷெட்டுக்கு அது தோதான இடம் என்றார். மனுவில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று உமாபதி கேட்டார். அது உனக்கு எதற்கு, குப்புறப் படு என்றார் அவர். உமாபதி மூலையில் கிடந்த பலகை வரைக்கும் போனார். முட்டியும் போட்டார். முதுகில் மை பட்டதும் ஏதோ சுட்டதுபோல எழுந்து தாழை நீக்கினார். வெளியே காலை வைத்தால் முன்சீப் வேலை இன்றோடு போய்விடும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போய்விடும் என்றுதான் அவரும் நம்பினார். சட்டையில்லாமல் ரோட்டைக் கடந்து முகாம் பந்தலுக்குள் நுழைந்தார்.

விரல் ரேகை போன கதையைச் சொல்லி முறையிட ஆலத்தாங்கல் சனம் மொத்தமும் அங்கே உட்கார்ந்திருந்தது. இருநூற்றுப் பதினேழு பேரும் அவரவர் கைநாட்டை உமாபதி உடம்பில் தேடிக் கண்டுபிடித்தார்கள். செல்லியம்மா எழுந்து கிட்டே வந்து அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"தண்ணிய நிறுத்துவேன்னு மெரட்டி வாங்கினது," என்றார் உமாபதி அதிகாரியிடம். "இவங்க யாரும் குடுக்கல. நான்தான் புடுங்கிக்கினேன்."

அதிகாரி பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உத்தரவு எழுதினார். ஆலத்தாங்கலிலிருந்து மனு ஏதும் வரவில்லை. மேற்படி முன்சீப்பின் உடம்பு அரசாங்க ஆவணம். அனுமதியில்லாமல் அதைத் தாலுகாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பிற்பாடு நாராயணசாமி எவ்வளவோ முயன்றும் உமாபதியை வேலையிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆவணத்தை வேலைநீக்கம் செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. நாராயணசாமிக்கும் ஒரு குறையும் வரவில்லை, இரண்டு வருஷத்தில் ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவரானார்.

ரேகை விரலுக்குத் திரும்பவேயில்லை. பத்திரம், பிராது, கூட்டுறவுச் சங்கத்து உரம், எதுவானாலும் ஆட்கள் உமாபதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு அவர் ஒரு நடைமுறை வைத்துக்கொண்டார். கைக்குரியவர் எதிரில் நிற்க வேண்டும். தாளில் இருப்பதை இவர் இரண்டு தரம் உரக்கப் படிக்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மை. உமாபதியின் முதுகில் ரேகை உள்ளவர்களுக்காக, அவர் படுக்கப் பதிவாபீசில் ஒரு கோரைப்பாய் வாங்கிப் போட்டார்கள். ஏரி மதகு யாரையும் கேட்காமல் முறைப்படி திறந்தது.

செல்லியம்மா மட்டும் வரவில்லை. அந்தாளு தலையிலிருந்து என் கையை நான் கேட்டு வாங்கணுமா என்றாள். மகளுக்குப் பேசியிருந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்த இடமும் போயிற்று. அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் உமாபதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மூன்று வருஷம் அப்படிப் போனது.

1960 ஏப்ரலில் எல்லை முடிவாகிச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆலத்தாங்கல் இருந்த இடத்திலேயே ஆந்திராவில் இருந்தது. அந்த மாதம் மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை வந்தான். செல்லியம்மா பதிவாபீசுக்கு வந்து, உமாபதிக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்ததும் பத்திரத்தை வாங்கித் தரையில், தன் காலுக்கு முன்னால் வைத்தாள். மேஜைமேல் வைக்கலாமே என்றார் குமாஸ்தா.

"கீழயே இருக்கட்டும். படிங்க முன்சீப்பாரே," என்றாள்.

உமாபதி குனிந்தபடி இரண்டு தரம் படித்தார்.

"இன்னொரு தரம்."

மூன்றாம் தரமும் படித்தார். அவள் மகளைப் பார்த்தாள், பிறகு சரி என்றாள். உமாபதி விபூதியைத் துடைத்துவிட்டு மை தடவிக்கொண்டு, முழந்தாளிட்டு, நெற்றியைத் தாளில் வைத்து அழுத்தினார். வேண்டியதற்கு மேலேயே அப்படி இருந்தார். எழுந்திருங்க, போதும் என்று செல்லியம்மாதான் கடைசியில் சொன்னாள். பதிவாளர் தாளை வாங்கி, ஒற்றுத்தாள் வைத்து ஒற்றி, ரேகை தெளிவாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அடுத்த பார்ட்டியைக் கூப்பிடச் சொன்னார்.