பைகளுக்கு நடுவில்

“கத்திரிக்கோல எங்கடி வெச்சிருக்கே?” என்று ராஜம்மாள் கேட்டபோது எதற்கென்று மங்கைக்குப் புரியவில்லை. ராஜம்மாள் அவளுடைய நாத்தனார். பாயில் கிடத்தியிருந்த தம்பி தாண்டவராயனின் கையைத் தூக்கப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள். கை விறைத்துவிட்டது. மஞ்சள் டீ சர்ட் கழற்ற வரவில்லை.

“வெட்டாதீங்கண்ணி. புதுசு,” என்றாள் மங்கை.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜம்மாள் எழுந்து போய்க் கத்திரிக்கோலைத் தானே தேடி எடுத்துவந்தாள்.

புதுசுதான். தாண்டவராயன் நேற்று அதை இரண்டு தரம் இஸ்திரி போட்டார். கண்டக்டராக இருந்த காலமெல்லாம் காக்கியைத் தவிர வேறெதுவும் தன் உடம்புக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், பத்தாவது ஒன்றாகப் படித்தவர்கள் இத்தனை வருஷம் கழித்துக் கூடப்போகிறோம் என்றதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலைந்தார். காலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பிறகு கோட்டை. ராஜகிரி மலைமேல் ஏறி எல்லாரும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

மங்கைதான் தடுத்தாள். நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள், அத்தனை படி ஏறுவதாவது. வாசலில் வழி மறித்து நின்றுகொண்டாள்.

“படி ஏற மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போங்க.”

“ஏறல தாயே. கீழயே குந்திக்கினு அவனுங்க பைங்களப் பாத்துக்கறேன், போதுமா?” என்றார். சொன்ன மாதிரியே செய்தார். எல்லாரும் மேலே ஏறிப் போக, அவர் மட்டும் அடிவாரத்தில் மரத்து நிழலில், கூட்டாளிகளின் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே உயிரும் போய்விட்டது. ஏறியிருந்தால் கூடப் பக்கத்தில் நாலு பேர் இருந்திருப்பார்கள். தன் பேச்சைக் கேட்டதால்தான் தனியாகச் செத்தார் என்று மங்கைக்குத் தோன்றியது. அழுகை மட்டும் வரவில்லை. பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருந்தது.

நடுப்பகலில் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியது விநாயகம். தாண்டவராயனுக்கு ஒன்றாவது வகுப்பிலிருந்தே கூட்டாளி. பாதிப் படியில் முட்டி வலி வந்து அவர் மட்டும் திரும்பி இறங்கியிருக்கிறார். கீழே தாண்டவராயன் மரத்தில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் இரண்டு பை, தோளில் ஒரு பை என்று கிடந்த கோலத்தைப் பார்த்ததும் படம் பிடித்துவிட்டார். ‘உன் ஊட்டுக்காரன் காவல் காக்கற லட்சணத்தப் பாரு தங்கச்சி’ என்று கீழே எழுதியிருந்தார். மங்கை சிரித்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சென்னையிலிருக்கும் மகள் கவிதாவுக்கு அதை அனுப்பினாள். கவிதா சிரிக்கிற பொம்மைகளாகப் பதில் போட்டாள். ‘எங்க நைனா மலையேறிய அழகு’ என்று எழுதி எல்லாரும் பார்க்கிற மாதிரி ஸ்டேட்டஸிலும் வைத்தாள். தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தபோது ஒன்று சொன்னார். உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, இப்போது போனதில்லை. மங்கையும் விநாயகமும் மட்டும்தான் அப்போது பக்கத்தில் இருந்தார்கள். மங்கை போனை எடுத்து அந்தப் படம் வந்த நேரத்தைப் பார்த்தாள். விநாயகம் அவள் முகத்தைப் பார்த்தார்.

கவிதா திண்டிவனம் தாண்டிவிட்டாளாம். வழி நெடுக அழுதுகொண்டே போன் செய்துகொண்டிருந்தாள். “போட்டோ பாத்தப்ப நல்லாதானம்மா இருந்தாரு. தூங்கினுதான இருந்தாரு?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். “ஆமாம்மா,” என்று மங்கையும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சின்ன வயதில் தான் கதவைத் திறந்துவிட்டதால் நாய்க்குட்டி லாரியில் அடிபட்டது என்று இன்றைக்கும் சொல்லி அழுகிறவள் கவிதா. செத்த அப்பனைப் பார்த்துச் சிரித்தோம் என்று தெரிந்தால் அவள் தேற மாட்டாள். மங்கைக்கு அது உறுதியாகத் தெரியும்.

பந்தலுக்கு வெளியே அதே மஞ்சள் டீ சர்ட்டில் ஒரு கூட்டம் கிழவர்கள் நின்றிருந்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி உள்ளே வர யாருக்கும் தைரியமில்லை. மங்கை நேராக அங்கே போனாள். ஏதோ சாபம் கொடுக்கத்தான் வருகிறாள் என்று அவர்கள் விலகி நின்றார்கள். “விநாயகம் அண்ணே, கொஞ்சம் வாங்க,” என்று அவரை மட்டும் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியண்டை கூட்டிப்போனாள்.

அவள் கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“எழுப்ப மனசு வரலம்மா. தூங்கறான்னு நெனச்சு பக்கத்துலயே குந்திக்கினு பொரி தின்னுகினு இருந்தேன். அவங்கிட்ட பேசிக்கினுகூட இருந்தேன். மேல போன ஆனந்தராஜ் எறங்கி வந்து தோளத் தொட்டான். இவன் சாஞ்சிட்டான். அதுக்கப்புறந்தான்...” அவர் வாய் கோணிக்கொண்டது. “நான்லாம் மனுசனா?”

“அத அப்புறம் பேசிக்கலாம். கவிதா வந்துகினு இருக்கா. அந்தப் போட்டோவுல அவரு உயிரோட இருந்தாரு. புரியுதா? எழுந்தாரு, உங்ககிட்ட பேசினாரு, அப்புறந்தான் நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் போச்சு. மத்தவங்ககிட்டயும் இதையே சொல்லிடுங்க.”

விநாயகம் தலையை ஆட்டினார். “எனக்குப் பொய் வராது தங்கச்சி.”

“ரேஷன் கடையில வேல பாத்துக்கினு சக்கரை வரலன்னு எத்தினி வருசம் சொன்னீங்க? அப்ப பொய் வந்துதில்ல?”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். சிரித்ததற்காக மறுபடி அழுதார். மங்கை தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். அவர் முகம் கழுவிக்கொண்டார்.

கவிதா வந்து இறங்கியபோது தாண்டவராயனை வேட்டி கட்டி, விபூதி பூசி, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் விழுந்து புரண்டாள். பெண்கள் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். குரல் கம்மிப்போன பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் தேடி, விநாயகத்தைக் கண்டுபிடித்தாள்.

“மாமா, நீங்கதான கூட இருந்தீங்க? எழுந்தாரா? எதுனா சொன்னாரா?”

விநாயகம் பந்தலுக்குள் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒருதரம் மங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“எழுந்தான்மா. எழாம இன்னா. கண்ண முழிச்சதும், ‘எல்லாரும் எறங்கிட்டானுங்களா, எவனாவது மேல நிக்கிறானா, எண்ணிப் பாருடா’ன்னான். பழக்கம் போவுமா? பஸ்ஸுன்னு நெனப்பு.”

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அது நைனாவேதான். பக்கத்திலிருந்த கிழவர்களில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மங்கைக்குத் தெரிந்த பொய், அவளே கேட்டு வாங்கின பொய், ஆனாலும் தாண்டவராயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்காருவது அவளுக்குத் தெரிந்தது. போதும், நன்றாகவே சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். விநாயகம் நிறுத்தவில்லை.

“அப்பால ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தோம். ‘எனக்கு ஒரு கொறையும் இல்லடா’ன்னான். ‘வேல நல்லபடியா முடிஞ்சுது. பொண்ண நல்ல எடத்துல குடுத்தேன். மங்க என்னை ஒரு நாளு பட்டினி போட்டதில்ல. இந்த வயசுலயும் வாடா போடான்னு கூப்பிட நீங்கள்லாம் இருக்கீங்க. இன்னா, அந்த ஏழுமல ஒருத்தன் இல்ல. இருந்திருந்தா அவனுக்கும் இப்ப மீச நரைக்க ஆரம்பிச்சிருக்கும்’னான்.”

கவிதா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டான் என்று யாரோ சொந்தக்காரர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பெயர் தெரியாது. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

மங்கை அசையாமல் நின்றாள். இது அவள் சொல்லிக்கொடுத்ததில் இல்லை. ஏழுமலை பிறந்ததும் போனதும் நடந்த காலத்தில் விநாயகம் வடக்கே எங்கோ வேலையில் இருந்தார். அவராகச் சொல்ல அந்தப் பெயர் அவருக்கு ஏது? இன்று காலையில், பள்ளிக்கூடத்திலோ, கோட்டைக்குப் போகிற வழியிலோ, தாண்டவராயன் நிஜமாகவே சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே டூட்டிக்குப் போன மனுஷன். அன்றையிலிருந்து அவளிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. கல் நெஞ்சுக்காரர், மறந்தே போய்விட்டார் என்று எத்தனை வருஷம் உள்ளுக்குள் திட்டியிருப்பாள். அவர் அவனை மீசை நரைக்கிற வரைக்கும் மனசுக்குள் வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து விநாயகத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்புறம் இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

விநாயகம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே,” என்றாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.