யளனகபக ட்மதாத

ரேஷன் கார்டைத் தேடி மருமகளின் கைப்பைக்குள் கையை விட்ட மாயக்காளுக்கு, மடித்து வைத்திருந்த ஒரு தாள்தான் கிடைத்தது. ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'யளனகபக ட்மதாத.' அடுத்த வரியும் அதேதான். தாள் முழுக்க அதேதான். புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லாவது தொடங்குமா? அப்படியானால் இது மந்திரம்தான், சந்தேகமே இல்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பிறகு பார்த்ததெல்லாம் அதற்குத் தோதாகவே அமைந்தது. பூண்டு தரம் பிரிக்க உட்கார்ந்தால் மருமகள் நாகஜோதியின் விரல்கள் முறத்தின் மேல் ஆடும். சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாக உள்ளே வரும். கூடவே உதடும் முணுமுணுக்கும். சாயங்காலமானால் தையல் படிக்கிறேன் என்று வடுகபட்டியிலிருந்து பெரியகுளத்துக்கு பஸ் ஏறிவிடுவாள். மூன்று மாதமாகிறது, ஒரு பாவாடை தைத்து யாரும் பார்க்கவில்லை. மகனை முந்தானையில் முடிந்துகொண்டு தனிக்குடித்தனம் போகத்தான் இந்த வேலை என்று மாயக்காள் முடிவு கட்டினாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது சுரேஷ்கண்ணன் ஒருவன்தான்.

தேவதானப்பட்டிப் பக்கம் குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் தாளைக் காட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "மலையாளத்து வேல ஆத்தா. கட்டு பலமா இருக்கு" என்றார். மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிற்றை மகன் கையில் கட்டினாள்.

"எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"கண்ணு படாம இருக்கத்தான்டா."

கயிறு கட்டியும் விரலாட்டம் நிற்கவில்லை. ஒரு புதன்கிழமை மருமகள் ஏறிய பஸ்சிலேயே மாயக்காளும் பின்வாசலில் ஏறினாள். பெரியகுளத்தில் அவள் ஏறிய மாடிப்படியில் இவளும் ஏறினாள். மேலே ஒரே தடதடப்பு. வரிசையாக டைப் மெஷின்கள். நாகஜோதியின் கைகளை ஒரு துண்டு மூடியிருந்தது. மெஷினில் மாட்டியிருந்த தாளில் வரிக்கு வரி அதே 'யளனகபக ட்மதாத'. பக்கத்தில் நின்ற மாஸ்டர் பாண்டியராஜன் அதட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ பாக்காத தாயி. 'ய'வுக்குச் சுண்டுவிரலு. புள்ளிய மொதல்ல அடி, மெஷின் நகராது. பெறகு 'ட' அடி, அது புள்ளிக்கு அடியில வந்து நிக்கும்."

மாயக்காளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏத்தா, டைப்பு படிக்கிறத எதுக்கு எங்கிட்ட மறைச்ச?"

நாகஜோதி திடுக்கிட்டு எழுந்தாள். "இது பாஸானா கவர்மெண்டு வேலைக்குப் பரீட்ச எழுதலாம் அத்தை. கெடச்சா எந்த ஊருல போட்டாலும் போகணும். நீங்க வெசனப்படுவீகன்னுதான்..."

"எம்மகன் விட்டுருவானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்கன கொண்டாந்து சேத்துவிட்டதே அவுகதான். தையல்னு சொல்லச் சொன்னதும் அவுகதான். மெட்ராஸுல போட்டா, அவுகளும் அங்கனயே ஒரு வேல பாத்துக்கிறதாச் சொன்னாக."

மாயக்காள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் மேல் கோபமே வரவில்லை. கயிறு கட்டிய அன்று கையை நீட்டிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்புதான் கண்முன் நின்றது. எல்லாம் தெரிந்தே சிரித்திருக்கிறான். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் காலை மகன் சாப்பிட உட்கார்ந்ததும், "கையக் காட்டுறா" என்றாள். கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?" என்றான். அதே சிரிப்பு.

"யளனகபக ட்மதாத" என்றாள் மாயக்காள்.

சிரிப்பு நின்றுபோனது.